உளுந்து வீடு வந்து சேருமுன்: இயற்கை விவசாயிகளுக்கும் அங்காடி நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

டெல்டாவில் இயற்கை முறையில் பயிர் செய்யும் அண்ணன்மார், அக்காமார், அவர்களின் விளைச்சலை வாங்கி விற்கும் அங்காடிக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரன். பல வருடங்களாக உங்களிடம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கிச் சமைக்கிறவன். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களில், உதவி பெறச் சம்மதித்தவர்களின் வீடுகளுக்கு மாதாமாதம் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையிலும் கூடமாட உதவுகிறேன். இந்த இரண்டும் என் வாழ்க்கையில் தனித்தனியாக இருந்தன. அவற்றைச் சேர்த்து வைக்க முடியும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் விளைச்சலில் ஒரு பங்கை, உங்கள் ஒன்றியத்தில் காசநோய்க்குச் சிகிச்சை பெறும் குடும்பங்களுக்கு, ஆறு மாதம் தொடர்ந்து கொடுங்கள். அரிசியைவிட முதலில் உளுந்தும் பயறும் நிலக்கடலையும் கொடுங்கள். நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சமைப்பதையே கொடுங்கள்.

அன்னதானம் உங்களுக்குப் புதிதில்லை. வள்ளலார் 1867-இல் வடலூரில் தொடங்கிய தருமசாலைக்கு அறுவடை முடிந்ததும் மூட்டை அனுப்பும் குடும்பங்கள் உங்களிடையே இன்றும் இருக்கின்றன. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் அண்ணன் காலத்திலிருந்து 2 கிலோ விதை நெல் வாங்கி மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் நீங்கள். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து சொன்னதைக் கேட்டு, பக்கத்து வயல்காரர் சிரித்தாலும் பரவாயில்லை என்று யூரியா மூட்டையைத் தள்ளி வைத்தவர்கள். உங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

ஏன் காசநோயாளிகள் என்று கேட்பீர்கள். ஆதரவற்றோர் இல்லம் இருக்கிறது, முதியோர் இல்லம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. எல்லோருக்கும் கொடுக்கலாம், கொடுத்தும் வருகிறீர்கள். ஆனால் உணவு கிடைத்தால் உயிர் தப்பும், கிடைக்காவிட்டால் போகும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த இடம் வேறு அதிகம் இல்லை. அப்புறம் இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். களைக்கொல்லி அடிக்காத வயலில் களை எடுக்க ஆள் அதிகம் வேண்டும். கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை ஓட்டினாலும் நெற்குத்தைச் சுற்றி இருப்பதைக் கையால்தான் பிடுங்கியாக வேண்டும். அந்தக் கை யாருடையது? நடவுக்கும் களைக்கும் உங்கள் வயலில் இறங்கும் பெண்களின் வீட்டில் பொங்குவது ரேஷன் அரிசி. நீங்கள் விளைவிக்கும் தூயமல்லி அரிசியை அவர்களால் கிலோ 80, 100 ரூபாய் கொடுத்து வாங்க முடியாது. நாள்பட்ட வறுமை, நெருக்கமான வீடு, வத்திப்போன உடம்பு, இவை சேரும் இடத்தில்தான் காசநோய் குடியேறுகிறது. அந்த வீடுகள் உங்கள் வயலுக்கு வெகு தூரத்தில் இல்லை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். நடவு வேலைக்குப் போகிற அம்மா, வயது நாற்பதுக்குள். மாத்திரை ஆரம்பித்த முதல் வாரங்களில் சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்று தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் பசி திரும்பியது. சும்மா திரும்பவில்லை, அகோரமாகத் திரும்பியது. இந்த நோயில் அப்படித்தான் நடக்கும். ஆனால் பசி வந்த நேரத்தில் வேலைக்குப் போக உடம்பில் தெம்பு இல்லை, வருமானமும் நின்றுவிட்டது. அடுப்பங்கரையில் இருந்தது ரேஷன் அரிசி, பாமாயில், புளி, மிளகாய். சோறும் ரசமும். ரேஷனில் வாங்கிய ஒரு கிலோ துவரம்பருப்பு பத்தாம் தேதிக்குள் தீர்ந்திருந்தது. நாங்கள் கொண்டுபோன பொட்டலத்திலிருந்து வறுத்த நிலக்கடலையில் ஒரு பிடி எடுத்து, பக்கத்தில் நின்ற பையன் கையில்தான் முதலில் கொடுத்தார். எந்தத் தாய்தான் அப்படிச் செய்யமாட்டாள்?

அந்தப் பிடி கடலையைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் சென்னைக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியம் என்ற தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனைதான் கதி. நல்ல காற்று, முழு ஓய்வு, பாலும் முட்டையும் கறியும். ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகள் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் எங்கே? வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அந்த மையம் சோதித்துப் பார்த்தது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள், மற்றவர்களை வீட்டிலேயே விட்டு மருந்து கொடுத்தார்கள். 1959-இல் வந்த முடிவு உலகத்தையே புரட்டிப்போட்டது. வீட்டில் அரைகுறையாகச் சாப்பிட்டு, வேலையும் பார்த்தவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குணமானார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கியதில் அந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. லட்சக்கணக்கான ஏழைகளுக்குச் சிகிச்சை எட்டியதும் அதனால்தான்.

ஆனால் அந்த முடிவோடு கூடவே ஓர் எண்ணமும் வேரூன்றிவிட்டது. மருந்து போதும், சாப்பாடு ஒரு பொருட்டில்லை என்ற எண்ணம். மருந்து கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. எலும்பும் தோலுமாக வருபவர் அந்த மருந்து வேலை செய்யும் வரை உயிரோடு இருப்பாரா, அவர் வீட்டில் அடுத்து யாருக்கு நோய் வரும் என்ற கேள்விகள் ஓரமாகக் கிடந்தன.

அதே மையம்தான் பிற்காலத்தில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அந்த நிறுவனமும் சேர்ந்து ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை இன்னொரு ஆய்வு நடந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் அதன் முன்னணியில் இருந்தவர்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் போனது. பாதி ஊர்களில் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மீதி ஊர்களில் வீட்டாருக்கு அது இல்லை. முடிவு 2023-இல் வந்தது. வீட்டார் அனைவருக்கும் உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. அடுத்தவருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைவு. தடுப்பூசியும் இல்லை, புது மாத்திரையும் இல்லை. அரிசியும் பருப்பும்.

நோயாளிகள் விஷயத்திலும் அப்படித்தான். சேரும்போது பத்தில் எட்டுப் பேர் எடை குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆள் 42 கிலோ ஆவதுதான் அந்த 5 சதவீதம். இரண்டு கிலோ!

நம் மாநிலத்திலும் 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்டதும் செவிலியர் முதலில் பார்ப்பது நோயாளியின் எடையையும் உயரத்தையும்தான். ஆள் தாங்கலில்லாமல் எழுந்து நிற்கிறாரா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு 14-க்குக் கீழே போனால் மிகவும் ஆபத்து. ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைவாக இருக்கிறார் என்று அர்த்தம். அப்படி வருபவர்களை உடனே மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள். நல்லது. ஆனால் அவர் தேறி வீட்டுக்குத் திரும்பியதும் அதே சோறு, அதே ரசம்.

அரசு உதவி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளிக்குச் சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் சிக்கல் இருந்தால் தாமதமாகிறது, சமயத்தில் கடனுக்குப் போய்விடுகிறது. இது தவிர, 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்ஷய் மித்ரா ஏற்பாடு இருக்கிறது. தனி ஆள், குழு, கடை, கூட்டுறவுச் சங்கம், யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு நோயாளிகளுக்கு மாத உணவுப் பொட்டலம் கொடுக்கலாம். 2024-இல் நோயாளியின் வீட்டாருக்கும் கொடுக்கலாம் என்று விரிவாக்கினார்கள். மேலே சொன்ன ஆய்வைப் படித்த யாருக்கும் அதன் காரணம் புரியும். பெரியவர் ஒருவருக்கு மாதம் அரிசியோ சிறுதானியமோ 3 கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ, சமையல் எண்ணெய் 250 கிராம், பால் பவுடர் அல்லது நிலக்கடலை ஒரு கிலோ, முடிந்தால் 30 முட்டை. இதுதான் அந்தப் பொட்டலத்தின் அளவு. இதில் உங்கள் வயலிலோ கடையிலோ இல்லாதது எது?

சரி, இப்போது எதைக் கொடுப்பது என்ற பேச்சுக்கு வருகிறேன். இங்கேதான் உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

இயற்கை விவசாயி தானம் என்று நினைத்ததும் கை முதலில் பாரம்பரிய நெல்லுக்குத்தான் போகும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி. உங்கள் பெருமை அது, எனக்கும்தான். ஆனால் அந்த வீட்டு அடுப்பை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பாவை முதல் நாளே ஊற வைக்க வேண்டும். வேக நேரமாகும், கேஸ் அதிகம் செலவாகும். ஐந்து நிமிடம் நின்றால் மூச்சு வாங்குகிற ஆள் சமைக்க வேண்டும். மெல்லுவதற்கும் கடினம். குமட்டலில் இருப்பவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை ஒதுக்கினால், நாம் எவ்வளவு நல்ல அரிசி கொடுத்து என்ன பயன்? தூயமல்லியோ கிச்சிலிச் சம்பாவோ கொடுங்கள். முழுத் தவிடோடு வேண்டாம், ஒரு தீட்டு தீட்டிக் கொடுங்கள். ரேஷன் சோறு தின்று பழகிய வீட்டில் அதுதான் இறங்கும். உடம்பு தேறிய பிறகு மாப்பிள்ளைச் சம்பாவை அவல் இடித்துக் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

ஆனால் அரிசி ரேஷனிலும் கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. அந்த வீடுகளில் இல்லாதது பருப்பு. இங்கேதான் டெல்டாக்காரர்களுக்கு யாருக்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பு இருக்கிறது. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுகிறோம். வயலில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடுகிறது. தண்ணீர் கட்டுவதில்லை, பலர் அடியுரமும் போடுவதில்லை. பங்குனி, சித்திரையில் பிடுங்கிக் காய வைத்து அடித்தால் வீட்டுக்கு உளுந்து வந்துவிடும். நீங்கள் பேர் வைத்து, பை போட்டு விற்கிற பொருளாக அதைப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு எடுத்து வைத்தது போக மிச்சத்தை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறீர்கள். நோயாளிக்கு ஆறு மாதத்துக்குத் தேவையான பருப்பு மொத்தமே 9 கிலோ. ஏக்கருக்கு 200 கிலோ கண்டால் அதில் 9 கிலோ. நூறு கிலோ மூட்டை ஒன்றை எடுத்து வைத்தால் 11 பேருக்கு ஆறு மாதம் பருப்பு ஆயிற்று.

அரிசிக் கணக்கும் அப்படித்தான். மாதம் 3 கிலோ வீதம் ஆறு மாதத்துக்கு 18 கிலோ அரிசி. 60 கிலோ மூட்டையில் அரை மூட்டை நெல் அரைத்தால் வந்துவிடும்.

உளுந்தைத் தோலோடு உடைத்துக் கொடுத்தால் களியும் கஞ்சியும் வைத்துக்கொள்வார்கள். பச்சைப்பயறைச் சுண்டலாக வேக வைத்துக்கொள்வார்கள். இன்னும் ஒரு படி மேலே போக மனமிருந்தால், கேழ்வரகு, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, நிலக்கடலை நான்கையும் தனித்தனியாக வறுத்து, அரைத்து, சலித்து சத்துமாவாகக் கொடுங்கள். சோறு இறங்காத நாளில் கஞ்சி இறங்கும். அங்காடிகளில் நீங்கள் விற்கும் இருபத்தைந்து தானிய மாவு தேவையில்லை. நான்கு போதும். சர்க்கரையோ வெல்லமோ கலக்க வேண்டாம், ஏலக்காயும் வேண்டாம். நம் ஊரில் காசநோயாளிகளில் கணிசமானவர்களுக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்தே இருக்கிறது. இனிப்பில்லாமல் கொடுத்தால், உப்பும் மோரும் ஊற்றிக் குடிப்பவர் குடிக்கட்டும். நல்லெண்ணம் என்று நினைத்து ஒவ்வொரு பையிலும் ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நிலக்கடலை விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். சரியாகக் காயாத கடலையில் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் விடும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு ஈரலைத் தாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. காசநோய் மாத்திரைகளில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே ஈரலுக்குச் சுமை தருபவை. ஏற்கெனவே திணறுகிற ஈரலுக்கு நம் தானம் இன்னொரு சுமை ஆகிவிடக்கூடாது. காயை உலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் போடும் வரை காய வையுங்கள். உடைத்த பருப்பை முறத்தில் பரப்பி, சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது, பச்சையாகப் படிந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறியுங்கள். எறிந்ததைச் செக்குக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சுத்திகரிக்காத எண்ணெயில் அந்த நச்சு தங்கும். மரச்செக்கு எண்ணெய் நல்லது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நமக்கு, கடலையைப் பொறுக்கும் பொறுப்பும் சேர்த்தே இருக்கிறது.

வண்டு பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மருந்து வைக்காத தானியம் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. அதனால் ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் இறக்கிவிட்டு வராதீர்கள். அந்த வீட்டில் அதை வைக்க டிரம்மும் இருக்காது, பிரித்துக் காய வைக்கத் தெம்பும் இருக்காது. உங்கள் குதிரிலோ டிரம்மிலோ நொச்சியோ வேம்போ போட்டு வைத்து, மாதா மாதம் புதிதாகப் பொட்டலம் கட்டுங்கள்.

இப்போது அங்காடி நடத்துவோரிடம் தனியாக ஒரு பேச்சு. ஒரு கடையிலிருந்து எங்களுக்குப் பெரிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே காலாவதி ஆக ஒரு வாரம் இருந்த தினை குக்கீ, வண்டு துளைத்த குதிரைவாலி, காறல் வாடை அடித்த எள்ளுருண்டை. கொடுத்தவர் கெட்டவர் இல்லை. விற்காததை வீணாக்காமல் யாருக்காவது கொடுப்போமே என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அதை எடுத்துக்கொண்டு மெலிந்துபோன மனிதர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது, தட்டவுமில்லை. மீந்ததைப் பகிர்வது வேறு காரியம். சமைத்த உணவு மீந்தால் அதைக் கெடுமுன் சேர்ப்பதற்கு நாட்டில் முறைகள் உண்டு, 2019-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கென்றே விதிகளும் கொண்டுவந்தது. நோயாளியின் தேவை கடையில் எது மீந்தது என்பதைப் பொறுத்து மாறாது. போன மாதம் பருப்பு, இந்த மாதம் குக்கீ, அடுத்த மாதம் ஒன்றுமில்லை என்று இருந்தால் எடை ஏறாது. கணக்கில் எழுதி, முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிற பொருளாக இது இருக்க வேண்டும்.

எங்களுக்கே கட்டுப்படியாகவில்லை, எதைத் தானம் செய்வது என்று கேட்கிற விவசாயிகள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். களைக் கூலி ஏறிவிட்டது, விளைச்சல் குறைவு, சான்றிதழுக்கும் செலவு, விலை கடைக்கு வரும்போதுதான் ஏறுகிறது. உங்கள் வயிற்றில் அடித்துத் தானம் செய்யச் சொல்லவில்லை. கொடுக்க முடிந்தவர்கள் உளுந்தில் ஒரு பங்கு கொடுங்கள். முடியாதவர்கள் நியாய விலைக்கு விற்றுவிடுங்கள். அங்காடிக்காரர்கள் அந்தப் பொருளுக்கு மட்டும் லாபம் வைக்காமல் விடுங்கள். விவசாயிக்குப் போக வேண்டிய பணத்தை என்னைப் போன்ற வாடிக்கையாளர்கள் கொடுக்கிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் போடுங்கள். மாதச் சாமான் வாங்க வருகிறவர், தன் பட்டியலோடு "ஒரு கிலோ உளுந்து, பொட்டலத்துக்கு" என்று எழுதிவிட்டுப் பணம் கட்டிப் போகட்டும். இன்றைய விலைக்கு அரிசி, பருப்பு, கடலை, எண்ணெய் எல்லாம் இயற்கைப் பொருளாகவே எடுத்தாலும் ஒரு பொட்டலம் 1,000 ரூபாய்க்குள் அடங்கும் என்பது என் கணக்கு. உங்கள் கடைக்கு வருபவர்களில் தனியாக அதைத் தாங்கக்கூடியவர்களும் உண்டு, நான்கு பேர் சேர்ந்து தாங்கக்கூடியவர்களும் உண்டு. கேட்டால் கொடுப்பார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். பொட்டலத்தோடு வைத்தியம் சொல்லாதீர்கள். இயற்கை உணவு சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம், ஆங்கில மருந்து உடம்பைக் கெடுத்துவிடும் என்று நம் வட்டாரத்தில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். காசநோயாளியிடம் அந்தப் பேச்சு போனால் உயிர் போகும். பாதியில் மாத்திரையை நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக அது திரும்பி வரலாம், வீட்டில் இருப்பவருக்கும் அப்படியே தொற்றலாம். ஜார்க்கண்டில் கொடுத்தது சாதாரண அரிசியும் பருப்பும்தான், இயற்கை முறையில் விளைந்தது என்று யாரும் தேடவில்லை. கிருமியைக் கொல்வது மாத்திரை. அந்த மாத்திரையைத் தாங்கவும் உடம்பில் சதை பிடிக்கவும் நம் உளுந்து. நஞ்சில்லாத உணவை நான் விரும்பி வாங்குகிறேன், அது மண்ணுக்கும், மருந்தடிக்கும் தொழிலாளியின் உடம்புக்கும் நல்லது என்று முழுமனதாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு இல்லாத மகிமையைச் சேர்க்கத் தேவையில்லை. யாராவது கேட்டால், "மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கம்மா, கூடவே இதையும் சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். பேனர் வேண்டாம், பையில் நோயின் பெயரும் வேண்டாம். டி.பி. என்று தெரிந்தால் வேலைக்குக் கூப்பிடாத வீடு இருக்கிறது, பெண் கொடுக்கத் தயங்கும் சொந்தம் இருக்கிறது, குழாயடியில் ஒதுங்கி நிற்கும் பக்கத்து வீடு இருக்கிறது. சாதாரணத் துணிப்பையில், மளிகைச் சாமான் போலவே போகட்டும். வீட்டுக்கு வருவதை விரும்பாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கும்போதே வாங்கிக்கொள்வார்கள். பட்டியலில் வருபவர்கள் உதவி பெறச் சம்மதம் தெரிவித்தவர்கள்தான் என்றாலும், சம்மதம் உணவுக்கு. முகத்தைக் காட்டுவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை.

வழி எளிது. உங்கள் மாவட்டக் காசநோய் மையத்துக்குப் போய், நிக்ஷய் மித்ராவாகச் சேர வேண்டும் என்று சொல்லுங்கள். பதிவு இணையத்திலும் நடக்கும், அங்கேயே உட்கார்ந்து செய்தும் கொடுப்பார்கள். 1800 11 6666 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். எந்த ஒன்றியம், எத்தனை நோயாளிகள், எத்தனை மாதம் என்பது உங்கள் விருப்பம், குறைந்தது ஆறு மாதம். முதல் தடவை பெரிதாக எடுக்காதீர்கள். நாலு விவசாயிகளும் ஒரு அங்காடியும் சேர்ந்து ஐந்து வீடுகளை எடுத்து, ஆறு மாதமும் ஒரு மாதம் தவறாமல் கொடுத்து முடித்தால் போதும். ஐம்பது வீட்டுக்கு ஒரு மாதம் கொடுத்து நிறுத்துவதைவிட அது ஆயிரம் மடங்கு உதவி. எடையை மாதாமாதம் சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். எடை கூடக்கூட மாத்திரை எண்ணிக்கையையும் கூட்ட வேண்டியிருக்கும் என்பதால் அவர்களுக்கும் அது முக்கியம்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, முடிந்தால் அதற்கேற்பப் பருப்பைக் கூட்டிக் கொடுங்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் பங்கு என்று கொடுப்பது, எல்லார் தட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும். அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. பிள்ளைகளும் சாப்பிட்டால்தான் அவர்களுக்கு நோய் வரும் ஆபத்து குறையும்.

தாளடி வயல்களில் உளுந்து பூவெடுக்கும் நேரத்தில் இதைப் பேசி முடிவு செய்தால், பங்குனியில் களத்துக்கு வரும்போதே அந்தப் பங்கைத் தனிச் சாக்கில் அள்ளி வைத்துவிடலாம். வீட்டுக்கு வந்து, கடன்காரனும் வியாபாரியும் வாசலுக்கு வந்த பிறகு பிரிப்பது கஷ்டம். உங்கள் குழுக் கூட்டத்தில் அடுத்த முறை பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். எங்கள் பக்கத்தில் யாருக்காவது பொட்டலம் கட்டவும், கடலை பொறுக்கவும், கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். கூட வர இன்னும் சிலரும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.